ஒன்பது மணிக்கு வந்த டிராக்டர்

மைனியின் கொட்டானைப் பற்றி எழுதுவதென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பனையோலையில் முடைந்த சின்னக் கொட்டான். வாய்ப்பகுதியில் ஓலை பிய்ந்து போய், சேலைக் கரைத் துணி வைத்துத் தைத்திருந்தது. அதிலிருந்து முதல் கை உளுந்தை அள்ளி, டிராக்டர் கீறிவிட்டுப் போன சாலில் மைனி போட்டபோது, கறுப்பு விதைகளோடு வெள்ளையாக ஒன்றும் சேர்ந்து விழுந்தது. சாக்பீஸ் துண்டு. ஈரக் கரிசலில் அது பளிச்சென்று தெரிந்தது. அய்யா, அதாவது என் அப்பா, குனிந்து அதை எடுத்து வரப்போரமாக எறிந்துவிட்டு, "விதையோட இதையெல்லாம் கலக்கலாமாம்மா" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் மைனியிடம் கோபமாகப் பேசியதே இல்லை. என் கோபமெல்லாம் அதனால்தான்.

மைனி என் அண்ணனின் மனைவி. இதில் மைனியை 'அவள்' என்றும் அண்ணனை 'அவன்' என்றும்தான் எழுதப் போகிறேன். அவளை அப்படி எழுதுவது நெருக்கத்தினால். அவனை அப்படி எழுதுவதற்குக் காரணம் வேறு.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கம். மானாவாரிப் பூமி. மழை பெய்தால் உளுந்து, பாசி, சோளம். பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் அப்போது புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். பொத்தான் சரியாக இருக்கிறதா, பிசிறு தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து, இன்றைக்கும் ஒருவர் எதிரே வந்தால் முகத்துக்கு முன்னால் அவர் சட்டைத் தையல்தான் என் கண்ணில் படும். வெளியே அழகாக இருக்கும் சட்டையை உட்புறம் திருப்பிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது. சொந்த அண்ணனைத் திருப்பிப் பார்க்க எனக்கு வெகு காலம் ஆனது.

மைனி கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் படித்தவள். அண்ணன் அதே படிப்பை அஞ்சல் வழியில் முடித்தவன். இரண்டு பேருமே பி.எட். முடித்திருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் ஜோடி சேர்ப்பார்கள். இரண்டு வாத்தியார் வேலை ஒரு வீட்டுக்கு வந்தால் மானாவாரி நிலத்தை நம்ப வேண்டாம் என்று கணக்கு. ஆசிரியர் தேர்வு அறிவிப்பு வந்ததும் இருவரும் விண்ணப்பித்தார்கள். அண்ணனுக்கு மற்றதெல்லாம் எப்படியோ ஓடிவிடும், இலக்கணத்தில்தான் இடறும். அதிலும் பார்ட்டிசிபிள் என்ற ஒன்று அவனைப் பாடாய்ப் படுத்தியது. அவன் கைடுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்காருவான். மைனி உள்ளே குழம்பைக் கிண்டிக்கொண்டே பதில் சொல்வாள். வார்த்தையில் புரியவில்லை என்றால் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுந்து வருவாள். விதை மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குத் தகரக் கதவு. கறுப்புப் பெயிண்ட் அடித்தது. அதுதான் அவளுடைய போர்டு. சாக்பீஸை விதைக் கொட்டானில் போட்டு அந்தக் கதவின் கொண்டியில் தொங்கவிட்டிருப்பாள்.

அவள் சொல்லிக்கொடுத்த முறை எனக்கு இன்னும் மனப்பாடம். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பேன். "நம்ம தமிழ்ல எச்சம்னு இருக்குல்லா, அதுதான் இது. சாப்பிட்டு வந்தான், படிச்சு முடிச்சான். மொத வேல முடிஞ்சிட்டுன்னா ஹேவிங் போடுங்க. ரெண்டும் ஒண்ணா நடக்குதுன்னா இங் போடுங்க. அவனுக்கு யாரோ செஞ்சாவன்னா எட் போடுங்க. ஆனா அதுக்கு முன்னால ஒரு கேள்வி கேக்கணும். மொத வேலையச் செஞ்சது யாரு, ரெண்டாவது வேலையச் செஞ்சது யாரு. ஒரே ஆளா இருந்தாத்தான் ரெண்டும் ஒட்டும்." அண்ணன் தலையாட்டிவிட்டு ஒரு வாக்கியம் எழுதுவான். வரப்பில் நடந்துகொண்டு ஒரு பாம்பு அவனைக் கடித்தது என்பதாக அது வந்து நிற்கும். மைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "வரப்புல நடந்தது பாம்பா, அவனா? யாரு செஞ்சாவன்னு பாருங்கன்னுல்லா சொல்லுதேன்." அவனுக்கு முகம் சிவந்துவிடும். "சரி, சரி, அழிச்சுட்டு வேற போடு" என்பான். அழிக்கிற வேலையும் அவளுக்குத்தான்.

அந்தச் சிரிப்பு அவனுக்குள் எங்கே போய்த் தங்கியது என்று அப்போது எனக்குத் தெரியாது. மாதிரித் தேர்வு என்று கோவில்பட்டியில் ஒரு பயிற்சி மையத்தில் வைத்தார்கள். இருவரும் போய் எழுதிவிட்டு வந்தார்கள். அன்று சாயங்காலம் அவன் யாரிடமும் பேசவில்லை. மைனிதான் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "நான் நல்லா எழுதிருக்கேன். இவியளுக்குத்தான் கொஞ்சம் கம்மி. மார்க்க வெளிய சொல்லாத, என்ன?" நான் சொல்லவில்லை. ஆனால் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா. "பொண்டாட்டி முந்திக்கிட்டான்னா நீரு வீட்டுல உலை வைக்கணும்வே" என்று அண்ணனைக் கேலி செய்தாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் நான் உட்புறம் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

இனி கைராசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அய்யாவுக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை. மைனி கல்யாணமாகி வந்த வருஷம் அவள் கையால் முதல் விதை போடவைத்தார்கள். உளுந்து காய்த்துத் தள்ளியது. அடுத்த வருஷமும் அப்படியே. இடையில் ஒரு வருஷம் அவள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அந்த வருஷம் விதைப்பு முடிந்ததும் மழை நின்றுபோய், முளைத்தது எல்லாம் கருகிவிட்டது. அதோடு முடிந்தது. ஊரே அவளைக் கைராசிக்காரி என்றது. அடுத்த காட்டுக்காரர்கள்கூட "ஒரு கை போட்டுட்டுப் போம்மா" என்று வந்து கூப்பிடுவார்கள். மைனிக்கும் அதில் பெருமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். மருமகளை வீட்டில் இப்படித் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்களே என்று அவளுடைய பெற்றோர் பூரித்துப்போனார்கள். தலையில் தூக்கி வைத்தவர்கள் கீழே இறக்கிவிட மறுத்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் புதன்கிழமை நல்ல மழை. கரிசல் காட்டில் மழை பெய்ததும் கால் வைக்க முடியாது. மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மூன்று நான்கு நாள் காயவிட்டுப் பதம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அந்தப் பதம் எங்கள் காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேர்வும் அன்றைக்குத்தான், தூத்துக்குடியில், காலை பத்து மணிக்கு. மைனி சனிக்கிழமை காலையிலேயே அய்யாவிடம் பேசிவிட்டாள். "டிராக்டர அஞ்சு மணிக்கு வரச் சொல்லிருங்க மாமா. மொத கை போட்டுட்டு ஆறு மணி பஸ்ஸுக்கு நானும் இவியளும் போயிருதோம்." அய்யாவுக்குச் சம்மதம். ஊரில் இருந்தது ஒரே ஒரு டிராக்டர். மழைக்குப் பிறகு அதற்கு ஆளாளுக்கு முறை. டிராக்டர் அண்ணாச்சி எங்களுக்கு முதல் முறையே கொடுத்திருந்தார், கைராசிக்காரி காட்டில் தொடங்கினால் மற்றவர்களுக்கும் நல்லது என்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

விடியும் முன்பே காட்டுக்குப் போனோம். மைனி தேர்வுக்குக் கட்டிய நீலச் சேலையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள். ஒரு கையில் கொட்டான். மறு கையில் மஞ்சள் பை; அதற்குள் ஹால் டிக்கெட், பேனா, ஒரு பொட்டலம் புளிச்சோறு. ஐந்து மணி ஆயிற்று. டிராக்டர் வரவில்லை. ஐந்தரை ஆனது. அண்ணன் வாட்ச்சைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "நான் முன்னால போயி சென்டர் எங்கன இருக்குன்னு பாத்து வைக்கேன். நீ மொத கை போட்டுட்டு அடுத்த பஸ்ல வா. ரெண்டு பேரும் லேட்டாக வேண்டாம்." மைனி மஞ்சள் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவனிடம் கொடுத்தாள். "ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும். யாரு செஞ்சாவன்னு பாத்து எழுதுங்க" என்றாள். அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

ஆறரைக்கு மைனி, "மாமா, நான் கையால குழி பறிச்சு நாலு விதை போட்டுட்டுப் போயிருதேன்" என்றாள். அய்யாவின் முகம் வாடிவிட்டது. "ஏர் படாத மண்ணுல விதை போட்டா பூமி ஏத்துக்கிடாதும்மா. இந்தா வந்திருவான். ஒரு வருசத்துச் சோறும்மா. உன் கை படாம நான் எப்பிடி எறங்குவேன்" என்றார். அதட்டியிருந்தால் அவள் போயிருப்பாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் கெஞ்சினார். எழுபதை நெருங்கும் மனிதர், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏழரை பஸ், அதை விட்டால் தேர்வு நேரத்துக்குள் வேறு பஸ் இல்லை, ரோட்டில் போவது எங்களுக்கு அங்கிருந்தே தெரிந்தது. மைனி அதைப் பார்த்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து, பாதத்தில் அப்பிய மண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் ஊருக்குள் ஓடி யாரிடமாவது மோட்டார் சைக்கிள் கிடைக்குமா என்று பார்த்தேன். இருந்த இரண்டு வண்டியும் காட்டு வேலைக்குப் போயிருந்தன. திரும்பி வந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. மணி ஒன்பது.

சால் கீறியது. மைனி எழுந்து கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதல் கையைப் போட்டாள். சாக்பீஸ் விழுந்தது அப்போதுதான். அய்யா எறிந்த துண்டை நான் போய் எடுத்து வந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. மைனி அதை வாங்கி மறுபடி கொட்டானிலேயே போட்டுக்கொண்டாள். அன்று முழுக்கக் காட்டில் அந்த நீலச் சேலையோடு வேலை செய்தாள்.

அந்த வருஷம் உளுந்து நன்றாக விளைந்தது. விளையாமல் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. "பாத்தியா, கைராசிய" என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் தேர்வில் தேறினான். மாலை போட்டார்கள், கோயிலில் பொங்கல் வைத்தார்கள். இலக்கணப் பகுதிதான் காப்பாற்றியது என்று அவனே பத்துப் பேரிடம் சொன்னான். சொல்லிக்கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. அடுத்த தேர்வு வர ஆண்டுக்கணக்கில் ஆனது. வந்தபோது, "ரெண்டு பேரும் வேலைக்குப் போனா பிள்ளைய யாரு பாக்க" என்றான். மைனி தன் பங்குக்கு ஒன்றே ஒன்றுதான் செய்தாள், அதுவும் அதற்கு வெகு முன்பே. தேர்வு போன மறு வருஷ விதைப்புக்கு அய்யா வந்து கூப்பிட்டபோது, "என் கைராசி போன வருசத்தோட முடிஞ்சிட்டு மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அய்யா சாகும் வரை அவள் மறுபடி முதல் கை போடவில்லை. பெண்ணுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று ஊர் பேசியது. கைராசிக்காரியைத் திமிர்க்காரி ஆக்க ஊருக்கு ஒரு பொழுது போதும்.

நான் கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டு வந்து வெகு காலம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் டிராக்டர் அண்ணாச்சியைப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். ஊர்க்கதை ஓடியது. "உங்க காட்டுக்கு மட்டும் மொத முறை குடுப்பேம்லா" என்று அவரே பெருமையாகத் தொடங்கினார். நான் சும்மா இருக்க மாட்டாமல், "ஒரு வருசம் ஒம்பது மணிக்குல்லா வந்தீங்க அண்ணாச்சி, மைனி பரிச்சையே போச்சே" என்றேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "நானா வந்தேன்? ஏட்டி, உங்க அண்ணன்லா சனிக்கிழம சாயந்தரம் வந்து சொன்னாவ. ஈரம் இன்னும் உணரலை, மண்ணு காயலை, அஞ்சு மணிக்கு வேண்டாம், ஒம்பதுக்கு வந்தாப் போதும்னு. அதான் மேக்க இன்னொருத்தர் காட்டுல ஒரு நடை முடிச்சுட்டு வந்தேன். பரிச்ச எளவெல்லாம் எனக்கு எங்கன தெரியும்?"

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. சொல்ல ஒரு தேவையும் இல்லை. அந்த ஐந்தரை மணியை நினைத்துப் பார்த்தேன். வராத டிராக்டருக்காக எங்களோடு நின்று வாட்ச்சைப் பார்த்தானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏமாற்றுகிறவன் ஏமாற்றிவிட்டுப் போகட்டும். ஏமாறுகிறவளிடம் கைநீட்டிப் பேனாவும் வாங்கிக்கொண்டு போக எப்படி மனம் வந்தது? மைனியிடம் இதைச் சொல்லவில்லை. வளர்ந்த பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு நல்லபடியாக ஓடுகிற குடும்பம். தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும், தெரிந்து அவள் என்ன செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். அண்ணன் வீட்டுக்குப் போவதை மட்டும் குறைத்துக்கொண்டேன். இப்போது அவர்களும் கோவில்பட்டியில்தான். வாசலில் கிரானைட் கல்லில் அவன் பேரும் படிப்பும் பொறித்திருக்கிறது. மைனியும் அதே படிப்புப் படித்தவள்தான். கல்லில் இடமும் இருக்கிறது.

என் மகள் அண்ணன் வேலை பார்க்கும் பள்ளியில்தான் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் மாமா, பள்ளிக்கூடத்தில் சார். போன வாரம் ஒரு சாயங்காலம், நான் அடுப்படியில் இருக்கும்போது அவள் கூடத்தில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தாள். அவர்கள் சார் கொடுத்த நோட்ஸ். பார்ட்டிசிபிள் என்று காதில் விழுந்ததும் நானாகவே அடுப்பைக் குறைத்தேன். "ஹேவிங் ஈட்டன்" என்று ஒரு வாக்கியம், சாப்பிட்டுவிட்டு அவன் தூங்கினான். அடுத்தது, வேலை முடித்து அவர்கள் வீடு திரும்பினார்கள். அதற்கும் அடுத்ததாக, ராகம் மாறாமல் சொன்னாள்: "ஹேவிங் ஆஸ்க்டு த டிராக்டர் டு கம் லேட், ஹி வென்ட் டு த எக்ஸாம் அலோன்." டிராக்டரைத் தாமதமாக வரச் சொல்லிவிட்டு, அவன் தேர்வுக்குத் தனியாகப் போனான்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். "இது யாரு எழுதுன நோட்ஸ்ட்டி?" என்று கேட்டேன். "சார்தாம்மா. வருசா வருசம் இதான். மேல் வகுப்பு அக்காமாரும் இதத்தான் படிச்சாவளாம். சார் ஒரு வரி சொல்லுவாவ, நாங்க சேந்து சொல்லுவோம்." பிறகு அவளே, "அது எதுக்கும்மா பரிச்சைக்குப் போறவன் டிராக்டர லேட்டா வரச் சொல்லுதான்?" என்று கேட்டாள். அவனுடைய நோட்ஸ் எல்லாம் யார் எழுதுவது என்பது எனக்குத் தெரியும். பரீட்சைத் தாள் கட்டுகளை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து மைனி முன்னால் வைத்துவிட்டு டி.வி. பார்க்க உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன். பல வாத்தியார் வீடுகளில் நடப்பதுதான். அவள் திருத்துவாள், மார்க் போடுவாள், கீழே அவன் சுருக்கொப்பத்தையும் அவளே போடுவாள். நோட்ஸும் அப்படித்தான்.

மறுநாள் மத்தியானம் போனேன். அண்ணன் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் படுத்திருந்தான். மைனி பின்கட்டில் பாய் விரித்து, காலாண்டுத் தாள்களை இரண்டு பக்கமும் அடுக்கி வைத்து நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வேறெதுவும் பேசாமல் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. ஒரு தாளைத் திருத்தி முடித்து மேலே வைத்த பிறகுதான் பேசினாள்.

"டிராக்டர் அண்ணாச்சி சம்சாரம் அந்த வாரமே சொல்லிட்டா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, வாய்ப்பேச்சா சொன்னா."

"ஒரு நாள்கூட அண்ணன்கிட்ட கேக்கலியா மைனி?"

"கேட்டா என்ன சொல்லுவாவ? ஈரம் உணரலைம்பாவ." அடுத்த தாளை எடுத்தாள். "மொத தடவ நோட்ஸ்ல எழுதிக் குடுத்த அன்னைக்குப் பாத்திருவாவளோன்னு பயமா இருந்துச்சு. ரெண்டு மூணு வருசம் பாக்கலியேன்னு அழுகையா வந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. இந்த ஊருல எத்தன பிள்ளைக சத்தம் போட்டுச் சொல்லிருக்கும். அவியளே முன்னால நின்னு சொல்லிக் குடுத்திருக்காவ. அது போதும்."

வருஷக்கணக்காக அவன் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வாயில் வருவது மனதில் உறைக்காமலே சொல்கிறானா, உறைத்தும் வெளியே காட்டாமல் சொல்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது மோசம் என்றும் தெரியவில்லை. முன்னறையிலிருந்து அவன் குரல் வந்தது. "ஏட்டி, பேப்பர் முடிஞ்சிட்டா? நாளைக்குக் குடுக்கணும்."

"இன்னும் கொஞ்சந்தான்" என்றாள் மைனி. அவள் கையிலிருந்த பேனா தாளில் இரண்டு முறை கீறியும் எழுதவில்லை. பாயின் ஓரத்தில் அதே கொட்டான் இருந்தது, துணி வைத்துத் தைத்த வாயோடு. அதற்குள் கைவிட்டு இன்னொரு சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றித் திருத்தத் தொடங்கினாள்.